பழைய கிட்டார் பெட்டிக்கு என்ன விலை?

பழைய அரிசிக்கு விலை கூடுதல். பழைய மிளகாய் வற்றலுக்கு விலை குறைவு. இரண்டும் ஓராண்டு கிடங்கில் கிடந்த சரக்குதான். அரிசி பழகப் பழகச் சாதம் உதிரியாக வருகிறது, படிக்குக் கூடுதலாகவும் காணுகிறது; ஆகவே வாங்குகிறவர் விலை கொடுக்கிறார். மிளகாய் நிறம் வெளுத்து, நெடி குறைந்து போகிறது. ஆகவே அவரே விலையைக் குறைத்துக் கேட்கிறார். இது நம் கடைப் பையனுக்கும் தெரிந்த கணக்கு. ஆனால் தானியம் அல்லாத வேறு ஒரு பழைய பொருள் கைக்கு வரும்போது நம்மில் பலர் இந்தக் கணக்கை மறந்துவிடுகிறோம். ஒன்று, "பழசுதானே" என்று காயலான் கடைக்கு எடை போட்டுவிடுகிறோம். அல்லது, "பழசாயிற்றே, லட்சம் பெறும்" என்று பரணில் பூட்டி வைத்துவிடுகிறோம்.

கடந்த சில மாதங்களில் நம் சங்க உறுப்பினர்கள் இரண்டு மூன்று பேர் ஒரே வகைப் பொருளைப் பற்றி நம்மிடம் கேட்டார்கள். கிட்டார் வாசிக்கிறவர்கள் காலால் மிதித்து இயக்கும் பெட்டி. ஒருவருக்கு அது வெளிநாட்டிலிருந்து திரும்பிய மருமகன் விட்டுச் சென்றது. இன்னொருவர் மளிகைக் கடைக்குப் பக்கத்திலேயே பழைய மின்சாதனங்களை வாங்கி விற்கும் சிறு கடை போட்டிருக்கிறார். அவரிடம் ஒரு மெல்லிசைக் குழுவினர் மொத்தமாகத் தள்ளிவிட்டுப் போன சாமான்களுள் இது ஒன்று. நமக்குச் சங்கீதம் தெரியாது. ஆனால் பழைய சரக்கு தெரியும். இசைக்கருவி பழுது பார்ப்பவர்களிடமும், விற்பவர்களிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டதை நம் வியாபாரக் கண்ணோடு சேர்த்து இங்கே எழுதுகிறோம்.

பெட்டி என்ன செய்கிறது?

மின் கிட்டாரின் கம்பி அதிரும்போது ஒரு மெல்லிய மின்சாரம் உண்டாகி, வயர் வழியாக ஆம்ப்ளிஃபயருக்குப் போகிறது. வழியில் ஒரு பெட்டியை வைத்து அந்த ஒலியை மாற்றலாம். கரகரப்பு ஏற்றுவதற்கு ஒரு பெட்டி, எதிரொலிக்கு ஒரு பெட்டி, பலர் சேர்ந்து வாசிப்பதுபோல் ஒலி விரிவதற்கு ஒரு பெட்டி. கை இரண்டும் கிட்டாரில் இருப்பதால் காலால் மிதிக்கிறார்கள். எனவே பெடல் என்று பெயர். இந்தத் தனிப் பெட்டிகள் செய்வதையெல்லாம் ஒரே பெட்டிக்குள் அடக்கினால் அது மல்டி எஃபெக்ட்ஸ். மிளகுத்தூள், மல்லித்தூள், மஞ்சள்தூள் என்று தனித்தனியாக வாங்குவதற்கும், கறிமசாலாப் பொட்டலமாக வாங்குவதற்கும் உள்ள வேறுபாடு என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த வேறுபாடு விலையில் எப்படி விளையாடுகிறது என்பதைப் பின்னால் பார்ப்போம்.

இந்தச் சரக்கின் பூர்வீகம் அமெரிக்காவும் ஜப்பானும். அமெரிக்காவில் 1962-ல் கடைக்கு வந்த மாஸ்ட்ரோ ஃபஸ்-டோன் என்னும் கரகரப்புப் பெட்டி முதல் தலைமுறையைச் சேர்ந்தது. ஜப்பானில் இகுதாரோ ககேஹாஷி என்பவர் 1972-ல் ஒசாகாவில் ரோலண்டு நிறுவனத்தைத் தொடங்கினார். அதன் கிளைப் பெயரான பாஸ் 1977-ல் கைக்கடக்கமான சிறு பெட்டிகளை வெளியிட்டது. வண்ணத்துக்கு ஒரு வேலை, வேலைக்கு ஒரு வண்ணம் என்ற அந்த வடிவம் இன்றுவரை மாறவில்லை. அதே பாஸ் 1988-ல் எம்.ஈ.-5 என்ற பெயரில் தரையில் வைத்து மிதிக்கும் மல்டி எஃபெக்ட்ஸ் பெட்டியைக் கொண்டுவந்தது. ஜூம், கோர்க், டிஜிடெக் போன்றவையும் அடுத்தடுத்த ஆண்டுகளில் இந்தத் துறையில் இறங்கின. நம் ஊர்ப் பரண்களில் இருப்பவை பெரும்பாலும் இந்தக் காலத்தவை. 1991-க்கு முன் இறக்குமதிக் கட்டுப்பாடும் வரியும் கடுமையாக இருந்ததால் இத்தகைய சாமான்கள் பயணிகளின் பெட்டியில் வந்தவையே அதிகம். சென்னை பர்மா பஜாரில் கைமாறியவையும் உண்டு. ஆகவே பில், வாரண்டி அட்டை எதுவும் இல்லாமல் இருந்தால் வியப்பில்லை.

எது அரிசி, எது மிளகாய்?

இனி விலைக்கு வருவோம். பொதுவாகச் சொன்னால், பழைய தனிப் பெட்டிகளில் சில அரிசி ஜாதி. பழைய மல்டி எஃபெக்ட்ஸ் மிளகாய் ஜாதி. ஒரே நிறுவனம், ஒரே ஆண்டு, ஒரே தொழிற்சாலையாக இருந்தாலும் இப்படித்தான்.

காரணம் உள்ளே இருக்கிறது. தனிப் பெட்டிகளில் பல, டிரான்சிஸ்டர், மின்தடை, மின்தேக்கி என்று எளிய உறுப்புகளால் ஆனவை. அவற்றின் ஒலியை வேறொன்று அப்படியே தந்துவிட முடியாது என்று வாசிக்கிறவர்கள் நம்புகிறார்கள். உண்மையில் எவ்வளவு வேறுபாடு கேட்கிறது என்பது வேறு விஷயம். வாங்குகிறவர் நம்புகிறார், பணம் கொடுக்கிறார். விற்பவருக்கு அதற்கு மேல் ஆராய்ச்சி தேவையில்லை. மேலும், பழுதானால் எந்த ஊரிலும் சால்டரிங் தெரிந்த ஒருவர் சரி செய்துவிடலாம்.

மல்டி எஃபெக்ட்ஸ் அப்படியல்ல. அதில் பெரும் பகுதி கணிப்பொறி வேலை. 1988-ல் அதிசயமாக இருந்த எதிரொலியை, இன்று அதைவிடக் குறைந்த விலையில் விற்கும் புதுப் பெட்டி இன்னும் தெளிவாகச் செய்கிறது. உள்ளே இருக்கும் சில்லு அந்தப் பெட்டிக்கென்றே செய்யப்பட்டதாக இருந்தால், அது போனால் மாற்றுக்கு இன்னொரு செத்த பெட்டியைத்தான் தேட வேண்டும். புதுச் சரக்கு மலிவாகவும் நயமாகவும் வரும்போது போன ஆண்டுச் சரக்குக்கு என்ன கதியோ அதே கதி. கறிமசாலாப் பொட்டலத்தில் மல்லியின் வாசம் போய்விட்டால், மஞ்சள் நன்றாக இருக்கிறது என்று யாரும் பிரித்து வாங்க மாட்டார்கள் அல்லவா?

தனிப் பெட்டிகள் எப்படி ஏறின என்பதற்கு மூன்று உதாரணங்கள் சொல்கிறோம்.

பாஸ் நிறுவனம் 1983-ல் எச்.எம்.-2 என்று ஒரு கரகரப்புப் பெட்டி போட்டது. பெரிதாக எடுபடவில்லை, 1991-ல் நிறுத்திவிட்டார்கள். ஆனால் ஸ்வீடனில் சில இளைஞர்கள் அதன் குமிழ்கள் எல்லாவற்றையும் கடைசிவரை திருகி வைத்து வாசித்தார்கள். ஸ்டாக்ஹோமைச் சேர்ந்த என்டூம்ப்டு என்ற குழு 1990-ல் வெளியிட்ட முதல் இசைத்தட்டில் ஒலித்தது அந்த ஒலிதான். அந்த வகை இசைக்கு உலகெங்கும் ரசிகர்கள் உண்டாக, யாரும் சீந்தாத பெட்டியைத் தேடி ஆள் வந்தார்கள். முடிவில் அந்த நிறுவனமே 2021-ல் அதைப் புதிய வடிவில் மீண்டும் செய்து விற்க வேண்டியதாயிற்று.

இரண்டாவது, ஐபனெஸ் பெயரில் வந்த டியூப் ஸ்க்ரீமர் டி.எஸ்.-808. பச்சை நிறம், 1970களின் இறுதியில் தொடங்கிச் சில ஆண்டுகளே தயாரானது. பிறகு அதே பச்சையில் டி.எஸ்.-9 வந்தது. உள்ளே 4558 என்ற எண்ணுள்ள ஒரு சிறு சில்லு இருக்கிறது. அது மிகச் சாதாரணமான, மலிவான உறுப்பு. ஆனால் முதல் பெட்டிகளில் இருந்த அதே முத்திரையுள்ள சில்லுக்காகவே மூடியைக் கழற்றிப் பார்த்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். விலை ஏறிய பிறகு பழையதுபோல் முத்திரை குத்திய சில்லுகளும் சந்தைக்கு வந்துவிட்டன. பெருங்காயத்துக்கு நேர்ந்தது பெடலுக்கும் நேர்ந்திருக்கிறது.

மூன்றாவது, அமெரிக்காவில் பில் ஃபினகன் என்பவர் 1994 முதல் தம் கையாலேயே செய்து விற்ற க்ளான் சென்டார். யாரும் பார்த்துச் செய்துவிடக் கூடாது என்று உள்ளே இருந்த சர்க்யூட் முழுவதும் கெட்டிப் பசை ஊற்றி மூடினார். ஏறத்தாழ எட்டாயிரம் பெட்டிகள்தான் செய்தார் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. சரக்கு குறைவு, கேட்பவர் அதிகம்; இன்று பழைய பெட்டி ஒன்று பல ஆயிரம் டாலருக்குக் கைமாறுகிறது. அதே ஒலியைத் தருவதாகச் சொல்லும் நகல் பெட்டிகள் மலிவாகக் கிடைத்தும் மூலப் பெட்டியின் விலை விழவில்லை. ஒலியை வாங்குகிறவர் வேறு, பெயரை வாங்குகிறவர் வேறு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

மல்டி எஃபெக்ட்ஸ் வகையிலும் விதிவிலக்கு இல்லாமல் இல்லை. யமஹா 1985-ல் வெளியிட்ட எஸ்.பி.எக்ஸ்.-90, பல வேலைகளை ஒன்றாகச் செய்யும் பெட்டி. காலால் மிதிப்பதல்ல, அடுக்கில் பொருத்துவது. மை பிளடி வேலன்டைன் என்ற குழுவின் கெவின் ஷீல்ட்ஸ் அதிலுள்ள தலைகீழ் எதிரொலியைப் பயன்படுத்தியதால், 1991-ல் வந்த அவர்களுடைய லவ்லெஸ் இசைத்தட்டை விரும்புகிறவர்கள் இன்றும் அதைத் தேடுகிறார்கள். பெட்டி செய்யும் பல வேலைகளில் அந்த ஒரே ஒரு வேலைக்காக! ஆகவே நம் கையில் இருக்கும் மல்டி எஃபெக்ட்ஸுக்கு விலை வைக்குமுன், அதன் எண்ணைக் குறித்துக்கொண்டு, அதை எந்தக் கலைஞர் பயன்படுத்தினார் என்று விவரம் தெரிந்த ஒருவரிடம் கேட்டுவிடுவது நல்லது. பெரும்பாலும் யாரும் இருக்க மாட்டார்கள். இருந்தால் அது தனி விலை.

சொன்ன விலையும் போன விலையும்

நமக்குப் பழக்கமான எண்ணெய் வியாபாரி ஒருவரின் மருமகன் ஜப்பானில் சில ஆண்டுகள் வேலை பார்த்துத் திரும்பியவர். அவர் கொண்டுவந்த 1980களின் கடைசி ஆண்டுகளைச் சேர்ந்த மல்டி எஃபெக்ட்ஸ் பெட்டியை விற்றுத் தரச் சொல்லி மாமனாரிடம் கொடுத்திருந்தார். ஒரு கிட்டார் ஆசிரியர் வந்து பார்த்துவிட்டு நியாயமான விலைதான் கேட்டார். நம் நண்பரோ, "அண்ணாச்சி, இது ஒரிஜினல் ஜப்பான் சரக்கு. இணையத்தில் இதற்கு நாற்பதாயிரம் போட்டிருக்கிறான். நான் என்ன, இரும்பு விலைக்கா கொடுப்பேன்?" என்று நம்மிடமே சண்டைக்கு வந்தார்.

போட்டிருக்கிறான் என்பது சரி. போயிற்றா என்பதுதான் கேள்வி. விருதுநகர் மார்க்கெட்டில் நாம் துவரைக்கு ஆயிரம் சொல்லலாம். பட்டியலில் ஏறுவது விற்ற விலை. ஈபே போன்ற வலைச்சந்தைகளில் விற்று முடிந்தவற்றை மட்டும் தனியாகக் காட்டும் வசதி உண்டு. இசைக்கருவிகளுக்கென்றே 2013-ல் சிகாகோவில் தொடங்கப்பட்ட ரிவெர்ப் என்ற சந்தையும் விற்ற விலைகளைத் தொகுத்துக் காட்டியே பெயர் வாங்கியது. அந்தச் சந்தையை எட்சி நிறுவனம் 2019-ல் 27.5 கோடி டாலருக்கு வாங்கி, 2025-ல் வேறு முதலீட்டாளர்களுக்குக் கைமாற்றிவிட்டது என்பதிலிருந்தே பழைய வாத்தியச் சாமான்களின் வியாபாரம் எவ்வளவு பெரியது என்று ஊகிக்கலாம். நாற்பதாயிரம் என்று போட்டுப் பல மாதமாகத் தொங்கும் சரக்கு, நாற்பதாயிரத்துக்கு விலை போகாது என்பதற்குத்தான் சாட்சி.

வெளிநாட்டில் போன விலையை அப்படியே ரூபாயாக மாற்றிக் கணக்குப் போடவும் கூடாது. அங்கே வாங்குகிறவர் அடுத்த தெருவில் இருக்கிறார். நம்மிடமிருந்து அனுப்பினால் கப்பல் கூலி, சுங்கம், சந்தைக்காரருக்குத் தரகு, உடைந்தால் நட்டம் எல்லாம் நம் தலையில். பெட்டி இருக்கும் ஊரில் அதை வாசிக்கத் தெரிந்தவர் எத்தனை பேர் என்பதே விலை.

சோதித்தது, சோதிக்காதது

ஜப்பானில் ஹார்டு ஆஃப் என்று பழைய பொருள் விற்கும் கடைத்தொடர் இருக்கிறது. 1993-ல் நிகாட்டாவில் முதல் கடை திறந்தார்கள். இன்று நாடெங்கும் கிளைகள். அங்கே சோதித்துப் பார்த்து உத்தரவாதத்தோடு வைக்கும் சரக்கு ஒரு பக்கம். ‘ஜங்க்’ என்று சீட்டு ஒட்டி, கூடையில் குவித்திருப்பது இன்னொரு பக்கம். குவியலில் இருப்பது வேலை செய்தாலும் செய்யலாம், செய்யாமலும் போகலாம். திருப்பித் தர முடியாது. ஒரே மாதிரிப் பெட்டி இரண்டு பக்கத்திலும் கிடக்கும், விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாட்டோடு. நம் விற்பனையிலும் "சோதிக்கவில்லை, கண்ட நிலையில் விற்பனை" என்று சொன்னால் வாங்குகிறவர் அதைப் "பழுது" என்றுதான் எடுத்துக்கொள்வார், அந்த விலையைத்தான் கேட்பார். ஒரு மணி நேரம் செலவழித்துச் சோதித்தால் இந்த வேறுபாடு நம் பைக்கு வரும். பழைய பெட்டியை விற்பதில் நம் கையில் இருக்கும் ஒரே லாபம் இதுதான். மற்றதெல்லாம் சந்தையின் கையில்.

சோதனையில் முதல் கண்டம் மின்சாரம். நம் எண்ணெய் வியாபாரி நண்பரின் பெட்டி உயிரை விட்டது இங்கேதான். ஆசிரியரைத் திருப்பி அனுப்பிய சில மாதங்களுக்குப் பின் இன்னொருவர் வந்து, "போட்டுக் காட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன்" என்றார். நண்பர் பெட்டியோடு வந்த கனமான அடாப்டரை அப்படியே சுவரில் செருகினார். ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட். நம் நாட்டில் 230. அடாப்டர் முதலில் சூடேறி வாடை வந்தது. அவர் பிடுங்குவதற்குள் பெட்டியின் விளக்கு ஒருமுறை பளிச்சென்று எரிந்து அணைந்தது. அதற்குப் பிறகு எரியவேயில்லை. முதலில் கேட்ட ஆசிரியரே உதிரிப் பாகத்துக்காக அதைப் பின்னால் எடுத்துக்கொண்டார். அவர் முதலில் சொன்ன தொகையில் எட்டில் ஒரு பங்குகூட வரவில்லை.

ஆகவே அடாப்டரின் அடியில் உள்ள எழுத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படியுங்கள். உள்ளே போவது 100 அல்லது 120 வோல்ட் மட்டும் என்றிருந்தால் நம் சுவரில் செருகக் கூடாது. 100 முதல் 240 வரை என்றிருந்தால் அச்சமில்லை. வெளியே வருவதிலும் பல வகை. பெரும்பாலான கிட்டார் பெட்டிகள் 9 வோல்ட் கேட்பவை. அவற்றில் நடு முள் எதிர்முனை, வெளி வளையம் நேர்முனை. வீட்டில் கிடக்கும் ரேடியோ, மோடம் அடாப்டர்களில் பல இதற்கு நேர்மாறு. முனை மாற்றிக் கொடுத்தால் சில பெட்டிகள் தாங்கும், சில தாங்காது. மல்டி எஃபெக்ட்ஸில் சில, டி.சி.க்குப் பதில் ஏ.சி. 9 வோல்ட் கேட்கும். தனிப் பெட்டிக்குப் போதுமான அடாப்டர் அவற்றுக்கு மில்லி ஆம்பியரில் போதாமலும் போகும். முனையைக் காட்டும் சிறு படம், வோல்ட், மில்லி ஆம்பியர் மூன்றும் பொருந்தினாலன்றிச் செருகாதீர்கள். தெரியவில்லையென்றால் டி.வி. மெக்கானிக்கிடம் கொண்டுபோய்க் காட்டுவதில் குறைவொன்றுமில்லை.

இன்னொரு வேடிக்கை. சிறு பெட்டிகள் பலவற்றில் ஆன்-ஆஃப் ஸ்விட்ச் கிடையாது. கிட்டார் வயரை உள்வாங்கும் ஜாக்கில் செருகினால்தான் பேட்டரி இணைப்பு முழுமையாகும். இது தெரியாமல், "புது பேட்டரி போட்டும் விளக்கு எரியவில்லை, செத்துப்போன சரக்கு" என்று அடிமாட்டு விலைக்குக் கொடுத்தவர்கள் உண்டு. தெரிந்துகொண்டே வாங்கியவர்களும் உண்டு. இதே காரணத்தால், வயரைச் செருகியபடியே விட்டால் யாரும் வாசிக்காமலேயே பேட்டரி தீர்ந்துவிடும். பாஸின் பழைய பெட்டிகள் சிலவற்றின் மேல் ஏ.சி.ஏ. என்று அடாப்டரின் பெயர் எழுதியிருக்கும். அவற்றில் பிற்காலத்து பி.எஸ்.ஏ. அடாப்டரைச் செருகினால் விளக்கு மங்கலாகவே எரியும். அது பழுதில்லை, அந்தக் காலத்து அமைப்பு அப்படி. வாங்குகிறவர் அதைச் சொல்லி விலையைக் குறைத்தால் நமக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும்.

மல்டி எஃபெக்ட்ஸில் தனியாகக் கவனிக்க வேண்டியது நினைவு பேட்டரி. வாசிப்பவர் சேர்த்து வைத்த ஒலி அமைப்புகளைக் காப்பதற்காக அக்காலத்துப் பெட்டிகள் பலவற்றில் காசு வடிவ லித்தியம் பேட்டரி ஒன்று உள்ளே இருக்கும். பல ஆண்டுகளில் அது தீர்ந்துபோகும். அப்போது பெட்டி எரியும், ஆனால் திரையில் தாறுமாறான எழுத்து வரும். அல்லது சேமித்தது எதுவும் நிற்காது. பார்ப்பவர் பெட்டியே போயிற்று என்று நினைப்பார். பேட்டரி பெட்டிக் கடையில் கிடைக்கும் விலைதான். சிலவற்றில் அதைப் பலகையோடு சால்டர் செய்திருப்பார்கள், மெக்கானிக் கை தேவை. மாற்றிய பின் தொழிற்சாலை அமைப்புக்குத் திருப்பும் முறை ஒன்று ஒவ்வொரு மாடலுக்கும் உண்டு, கையேட்டில் இருக்கும். கையேடு இல்லையென்றால் பெரும்பாலான நிறுவனங்கள் பழைய கையேடுகளை இலவசமாகவே கிடைக்கச் செய்திருக்கின்றன.

பிறகு ஒவ்வொரு குமிழையும் மெதுவாகத் திருகிப் பாருங்கள். கரகரவென்றால் தூசி, எலெக்ட்ரானிக் கடையில் கிடைக்கும் கான்டாக்ட் கிளீனர் இரண்டு சொட்டு போதும். ஒவ்வொரு மிதியையும் பத்து முறை மிதியுங்கள். திரையில் எல்லாக் கோடுகளும் எரிகின்றனவா என்று பாருங்கள். பேட்டரி வைக்கும் அறையைத் திறந்து பாருங்கள். பழைய பேட்டரி கசிந்து பச்சை பூத்திருந்தால் துடைத்துவிட்டு, அதை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும்.

சுத்தம் செய்வது வேறு, புதிதாக்குவது வேறு. ஈரத்துணியால் துடைக்கலாம். பெயின்ட் அடிப்பது, அடியில் ஒட்டிய சீட்டை உரிப்பது, அசல் குமிழை எடுத்துவிட்டுப் புதுக் குமிழ் போடுவது கூடாது. பாஸ் சிறு பெட்டிகளின் அடியிலுள்ள சீட்டும் தொடர் எண்ணும் தயாரான நாடு, காலம் இரண்டையும் காட்டுபவை. ஜப்பானில் ஆனதற்கு ஒரு விலை, பின்னால் தைவானில் ஆனதற்கு ஒரு விலை என்று வாங்குகிறவர்கள் அதைப் பார்த்துத்தான் பேசுகிறார்கள். அசல் அட்டைப்பெட்டியும் கையேடும் இருந்தால் அதற்கும் தனி மதிப்பு உண்டு. நம் வீடுகளில் அட்டைப்பெட்டியைத்தான் முதலில் தூக்கி எறிகிறோம்!

யாரிடம் விற்பது?

கடைக்காரரிடம் கொடுத்தால் அன்றே ரொக்கம். ஆனால் அவர் விற்கும் விலையில் பாதிதான் நமக்கு வரும் என்று எண்ணிக்கொண்டு போக வேண்டும். இதில் கோபப்பட ஒன்றுமில்லை. வாடகை, பழுது, எப்போது விற்கும் என்று தெரியாத முடக்கம் எல்லாம் அவர் பொறுப்பு. நாமும் மூட்டையாக வாங்கும்போது இதே கணக்கைத்தானே சொல்கிறோம்? விற்ற பின் பணம் என்று கமிஷனுக்கு வைத்தால் கொஞ்சம் கூடுதலாக வரும். காலக்கெடுவும் கமிஷன் விகிதமும் எழுத்தில் இருக்க வேண்டும். வாசிப்பவரிடமே நேரடியாக விற்பது நல்ல விலை, நிறையப் பேச்சு. மல்டி எஃபெக்ட்ஸுக்கு நம் அனுபவத்தில் சரியான ஆள், கிட்டார் கற்றுக்கொள்ளும் மாணவர். சேகரிப்பவருக்கு அது வேண்டாம். மேடைக் கலைஞரிடம் புதியது இருக்கும். மாணவருக்குத்தான் குறைந்த விலையில் எல்லா ஒலியும் ஒரு பெட்டியில் வேண்டும். ஆகவே உள்ளூர் இசைப் பள்ளியின் அறிவிப்புப் பலகை, வெளிநாட்டுச் சந்தையைவிடப் பயன்படும்.

பழைய பொருளை வாங்கி விற்பதையே தொழிலாகச் செய்யும் உறுப்பினர்களுக்கு இரண்டு செய்திகள். ஜி.எஸ்.டி. பதிவு பெற்றவர்கள், பயன்படுத்திய பொருளை அப்படியே அல்லது அதன் தன்மை மாறாத சிறு செப்பனிடலோடு விற்றால், வாங்கும்போது உள்ளீட்டு வரி வரவு எடுத்திராத பட்சத்தில், வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வேறுபாட்டுக்கு மட்டும் வரி கட்டினால் போதும். 2017-ஆம் ஆண்டு மத்திய ஜி.எஸ்.டி. விதிகளில் 32(5) இதைச் சொல்கிறது. நட்டத்துக்கு விற்றால் அந்த விற்பனைக்கு வரி மதிப்பு இல்லை. இந்தச் சலுகை வேண்டுமென்றால் ஒவ்வொரு பொருளுக்கும் வாங்கிய சீட்டு இருக்க வேண்டும். உங்கள் கணக்கரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் கிடந்த சொந்தப் பொருளை ஒருவர் விற்பது வியாபாரம் ஆகாது. அதற்கு இந்தக் கணக்கு எதுவும் தேவையில்லை.

இரண்டாவது, திருட்டுப் பொருள். இசைக்குழுக்களின் சாமான்கள் மேடையிலிருந்தும் வண்டியிலிருந்தும் களவு போவது எல்லா நாட்டிலும் உண்டு. திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ நேர்மையற்ற முறையில் வாங்குவது 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-ஆம் பிரிவின்படி குற்றம். விலை மதிப்பு தெரியாதவர், அடாப்டரும் இல்லாமல் ஐந்து பெட்டிகளை இரவில் கொண்டுவந்து மலிவாகக் கொடுத்தால் வாங்காமல் இருப்பதே நயம். ஜப்பானில் பழைய பொருள் வணிகத்துக்கு 1949 முதலே தனிச் சட்டமும் உரிமமும் இருக்கின்றன. விற்க வருபவரின் அடையாளத்தைப் பதிவு செய்வதும் அதில் அடக்கம். நம்மை யாரும் கட்டாயப்படுத்தாவிட்டாலும் பெயர், முகவரி, அடையாள அட்டை நகல், கையெழுத்து நான்கும் வாங்கிக்கொள்வது நமக்குத்தான் பாதுகாப்பு.

கடைசியாகக் கட்டி அனுப்புவது. வெளியூருக்குப் போவதானால் 9 வோல்ட் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். குமிழ்களும் மிதிகளும் மேலே துருத்திக்கொண்டிருப்பதால் அடி விழுந்தால் முதலில் உடைவது அவைதான். மேல்பக்கத்துக்குக் கெட்டி அட்டை வைத்து, குமிழுச் சீட்டு சுற்றி, ஒரு பெட்டிக்குள் இன்னொரு பெட்டியாக வைக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே எல்லாப் பக்கமும் இரண்டு விரற்கடை இடைவெளி இருக்கட்டும். அடாப்டரைத் தனியாகக் கட்டுங்கள். கனமான அந்தக் கட்டி உள்ளே உருண்டு பெட்டியின் திரையை உடைத்த கதைகள் நிறைய இருக்கின்றன. கட்டுவதற்கு முன் பெட்டி எரியும் நிலையில் ஒரு படம், அடியிலுள்ள தொடர் எண்ணை ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். வேறொரு பழுதான பெட்டியைத் திருப்பி அனுப்பி, "நீங்கள் கொடுத்தது இதுதான்" என்பவர்களும் இந்த வியாபாரத்தில் இருக்கிறார்கள். என்னென்ன சோதித்தோம், என்ன குறை உண்டு, எந்த அடாப்டர் கேட்கும் என்பதையும் அந்தத் தொடர் எண்ணையும் ஒரு சீட்டில் எழுதி, ஒரு படியைப் பெட்டிக்குள் வையுங்கள். இன்னொரு படியில் வாங்கியவரின் கையெழுத்தைப் பெற்று நம் கோப்பில் சேர்த்துவிடலாம்.